பழைய வீட்டுக் கணினி: எதை மாற்றலாம், எப்போது கைவிடலாம்

கணினிக் கடைகள் நிறைந்த கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கணினி ஏன் மெதுவாகிறது என்று தெரியாமல் கடையேறினால், தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதே மந்தத்தோடு திரும்ப நேரும். பழைய கணினிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று வாங்கும் இந்தப் பாகம் அடுத்த கணினிக்கும் உதவுமா? உதவும் என்றால் தயங்க வேண்டாம். இந்தப் பெட்டியோடேயே முடிந்துபோகும் என்றால், அந்தக் காசைச் சேர்த்து வைப்பதே மேல்.

மந்தம் எங்கிருந்து வருகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்: பிரவுசரில் ஐந்தாறு பக்கங்கள், ஒரு சூம் வகுப்பு, ஒரு வேர்ட் கோப்பு.

டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது, ஆனால் செக்கனுக்கு இரண்டு மூன்று மெகாபைட்தான் ஓடுகிறது என்றால் தடை ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டின் மேல் தலை ஒவ்வொரு தடவையும் இடம் மாற வேண்டியிருப்பதால், அது செக்கனுக்கு ஏறக்குறைய நூறு சிறு வாசிப்புகளுக்கு மேல் தாங்காது. சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி பல்லாயிரம் தாங்கும். விண்டோஸ் எழும்பும்போது வாசிப்பது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் வித்தியாசம் அங்கேதான் முதலில் தெரியும்.

மெமரி 85 வீதத்தைத் தாண்டினால் ராம், அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், போதவில்லை. ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். ஆகவே இரண்டும் ஒன்றாக ஏறினால் முதற்காரணம் ராமாக இருக்கலாம். சிபியூ, அதாவது புரொசெசர், மட்டும் 100 வீதத்தில் நின்றால், பக்கத்தில் காட்டும் ஸ்பீட் எண்ணைப் பாருங்கள். அது புரொசெசரின் அடிப்படை வேகத்தை விட மிகக் குறைவாக ஒட்டிக்கொண்டு நின்றால் புரொசெசர் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். சூடு ஏறித் தானாக வேகத்தைக் குறைத்திருக்கலாம். சில லப்டொப்கள், குறிப்பாக டெல், தனக்குரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தை வேண்டுமென்றே இறக்கிவிடும். சரியான சார்ஜரை இரவல் வாங்கி ஒரு தரம் மாட்டிப் பாருங்கள்.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். டிஸ்க்கில் பழுதான இடங்களை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளும் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5 இல் எண் ஏறியிருந்தால் வேறெந்தச் சோதனையும் வேண்டாம். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்து வையுங்கள். சாகும் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய, அதாவது முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க, முனைவது அந்த நோயாளியை மணிக்கணக்காக ஓட விடுவதற்குச் சமம். பாதியில் நின்றுவிட்டால் எல்லாமே போய்விடும். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில்தான் பிழை. கேபிளை மாற்றினால் போதும்.

சாவு போலத் தெரியும் சில்லறைக் கோளாறுகள்

ஒவ்வொரு தடவையும் திகதி பின்னுக்குப் போய், இணையத் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பற்றரி இறங்கிவிட்டது. மணிக்கூட்டுக் கடையில் கூடக் கிடைக்கும்.

கரண்ட் ஒரு கணம் போய் வந்தாலே கணினி அணைகிறது என்றால், குற்றம் யூபிஎஸ்சில் இருக்கலாம். வீட்டு யூபிஎஸ்களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. அது இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். கொழும்பு வெக்கையில், காற்றோட்டமில்லாத மேசைக்கடியில் இன்னும் கெதியாகத் தளரும். பற்றரியை மட்டும் மாற்றலாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள வீடுகளில் உப்புக் காற்று தொடுமுனைகளை அரிக்கும். ஸ்விட்சைப் போட்டதும் பீப் ஒலி மட்டும் வந்து திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், மின் இணைப்பைக் கழற்றி, ராமை எடுத்து, பொன்னிறப் பற்களை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். இதிலேயே உயிர்த்துவிடும் கணினிகள் ஏராளம். தூசு ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுழன்றால் அச்சு கெடும். நான்கைந்து வருடம் தொடாத புரொசெசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதை முழுவதும் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு மட்டும் வையுங்கள்.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி மின்னலுக்குப் பிறகு இணையம் மட்டும் வேலை செய்யாமல் போனால், தொலைபேசி வயர் வழியாக ரவுட்டருக்கு வந்த மின்னெழுச்சி லேன் துளையை எரித்திருக்கலாம். யூஎஸ்பி நெட்வொர்க் அடப்டர் ஒன்று செருகினால் கணினி தொடர்ந்து ஓடும். ஆனால் மதர்போர்டில் உருளை கப்பாசிற்றர்களின் தலை வீங்கியிருந்தால், அல்லது பச்சைத் துரு பரவியிருந்தால், அந்தப் போர்டுக்கு மேலும் காசு போட வேண்டாம்.

விண்டோஸ் 11 என்ற எல்லைக்கோடு

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் பதிவு செய்த வீட்டுப் பாவனையாளருக்கு நீடிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 ஒக்டோபர் 13 வரை. ஆகவே, உங்கள் கணினி விண்டோஸ் 11 ஐ ஏற்குமா என்பதுதான் பெரிய முடிவை நிர்ணயிக்கும்.

அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் செக்கியூர் பூட் வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், அதோடு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள புரொசெசர் வேண்டும். இன்டெல்லில் எளிய கணக்கு: 8 ஆம் தலைமுறையிலிருந்து ஏற்கும். பெயரின் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணின் முதல் ஒன்று அல்லது இரண்டு இலக்கங்கள்தான் தலைமுறை. ஐ5-4570 என்றால் 4. ஐ5-8400 என்றால் 8. ஐ5-10400 என்றால் 10. ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து, சில விதிவிலக்குகளோடு. மைக்ரோசொஃப்டின் பிசி ஹெல்த் செக் மென்பொருள் இதை உறுதிப்படுத்தும். டிபிஎம் இல்லை என்று மட்டும் காட்டினால், புதிய போர்டுகளில் அது பயாஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) அணைக்கப்பட்டிருக்கலாம். அங்கே போய் இயக்கிப் பாருங்கள்.

எட்டுக்குக் குறைந்த தலைமுறையில் குறுக்கு வழிகளால் விண்டோஸ் 11 ஐ ஏற்ற முடியும். ஆனால் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இல்லை. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இணையம், காணொளி, கடிதம் எழுதுவது மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல வழி. 4 ஜிபி ராமிலும் ஓடும், பாதுகாப்புப் புதுப்பிப்பும் கிடைக்கும். பிள்ளைக்குப் பாடசாலை வேலைக்கு விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் தேவைப்படுகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி: முதல் செலவு, பெரும்பாலும் போதுமான செலவு

கணினி எவ்வளவு பழையதானாலும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குவதற்கு அஞ்சத் தேவையில்லை. நாளை பெட்டியே செத்தாலும் அதைக் கழற்றி அடுத்ததில் பூட்டலாம், அல்லது ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வெளி டிஸ்க்காகப் பாவிக்கலாம். 500 ஜிபி அளவு வசதியானது. 120 ஜிபி வேண்டாம். விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடம் நெருக்கும்.

டெஸ்க்டொப்பில் பூட்ட ஒரு சாட்டா கேபிளும், 3.5 அங்குலத் தட்டுக்கு ஒரு பிரக்கட்டும் தேவை. இன்டெல் 2 ஆம், 3 ஆம் தலைமுறைப் போர்டுகளில் சில சாட்டா துளைகள் பாதி வேகத்தில் ஓடும். செக்கனுக்கு 6 கிகாபிட் என்று குறித்த துளையில் செருகுங்கள். பழைய லப்டொப்பில் ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீற்றர் தடிப்பாகவும் எஸ்எஸ்டி 7 மில்லிமீற்றராகவும் இருப்பது வழமை. சில எஸ்எஸ்டிகளோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் ஆடாமல் இருக்கும். மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை இருக்கிறதென்று சந்தோஷப்பட்டு, சாட்டாவை விட வேகமான என்விஎம்இ வகையை வாங்கிவிட வேண்டாம். சில லப்டொப்களின் எம்.2 துளை சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். பழைய போர்டுகள் பல என்விஎம்இயிலிருந்து எழும்பவே மாட்டா. மொடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சேவைக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் குளோன் செய்யலாம். ஐந்து வருடக் குப்பை சேர்ந்த விண்டோஸ் என்றால் 8 ஜிபி பென் டிரைவில் நிறுவியைத் தயாரித்துப் புதிதாகப் போடுவதே நல்லது. விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டிருப்பதால் டிஸ்க்கையும் ராமையும் மாற்றினாலும் அது போகாது. போர்டை மாற்றினால்தான் சிக்கல். லப்டொப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்கினால் மீட்பு எண்ணை முதலே எழுதி வையுங்கள்.

ராம்: இங்கே கவனம்

இன்றைய பிரவுசருக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி. ஆனால் பழைய வகையான டிடிஆர்3 ராம் அடுத்த கணினிக்கு உதவாது. வெட்டு வேறிடத்தில் இருப்பதால் டிடிஆர்4 துளையில் பொருந்தவே பொருந்தாது. அதனால் டிடிஆர்3 க்குப் பாவித்த ராம் மட்டும் தேடுங்கள், அதுவும் 8 ஜிபி நிரம்பும் அளவுக்கு. 1.35 வோல்ட் வகை தேவைப்படும் லப்டொப்பில் 1.5 வோல்ட் ராம் எழும்பாது. மிக மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3 சிலவற்றில் ஏஎம்டிக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். அவை இன்டெல் போர்டில் வேலை செய்யா. பழைய ராமைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். பூட்டிய பின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓட விட்டு, ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுங்கள்.

2025 இன் பிற்பகுதியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் கொள்வனவால் உலகெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியது. 16 ஜிபியோடு வரும் பாவித்த கணினியின் விலையையும் தனி ராமின் விலையையும் ஒரே நாளில் விசாரித்த பிறகே முடிவெடுங்கள்.

எங்கே நிறுத்துவது

எஸ்எஸ்டிக்கும் 8 ஜிபிக்கும் பிறகு பழைய பெட்டியில் புரொசெசர் மாற்றுவது, கிராபிக்ஸ் கார்ட் போடுவது பெரும்பாலும் வீண். புதிய தலைமுறைப் புரொசெசருக்கு மாறப் போனால் மதர்போர்ட் மாற வேண்டும், மதர்போர்டோடு ராம் மாறும், பெரும்பாலும் பவர் சப்ளையும் மாறும். பழையதில் மிஞ்சுவது கேசிங் மட்டும். எங்கள் அளவுகோல்: செலவு, விண்டோஸ் 11 ஏற்கும் நல்ல பாவித்த கணினி ஒன்றின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நிறுத்துங்கள். லப்டொப்பில் பற்றரி, கீல், திரை இம்மூன்றில் இரண்டு போயிருந்தாலும் அப்படித்தான். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. அன்றே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

மாற்றுவதாயின், கடைகளில் இறக்குமதியாகி வரும் பாவித்த அலுவலகக் கணினிகள் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். டெல் ஒப்டிப்ளெக்ஸில் 7060, எச்பி எலிட்டெஸ்க் 800 இல் ஜி4 தொடக்கம் 8 ஆம் தலைமுறை. ஒப்டிப்ளெக்ஸ் 7010 என்ற பெயரில் மட்டும் ஏமாற வேண்டாம். 3 ஆம் தலைமுறைக் கணினி ஒன்றும் 2023 இல் வந்த புதியது ஒன்றும் அதே எண்ணில் உண்டு. புரொசெசர் பெயரைப் பார்த்தே வாங்குங்கள். இவ்வகைப் பெட்டிகளின் பவர் சப்ளை இணைப்பு தனி வகை. கெட்டால் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது, ஆகவே பவர் சப்ளைக்கும் வொறண்டி கேளுங்கள்.

கடையிலேயே போட்டுப் பாருங்கள்: பயாஸில் கடவுச்சொல் கேட்கிறதா, டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, இருபது நிமிடம் காணொளி ஓடினால் தானாக அணைகிறதா. பற்றுச்சீட்டில் சீரியல் எண்ணும் வொறண்டிக் காலமும் எழுத்தில் இருக்க வேண்டும். துருவுக்கும் மின்னலுக்கும் வொறண்டி இல்லை என்ற வரி இருக்கிறதா என்றும் வாசியுங்கள்.

குறைந்த விலைக்குப் புத்தம் புதிய லப்டொப் என்று வரும் செலெரோன் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி ஈஎம்எம்சி (எஸ்எஸ்டியை விட மெதுவான சேமிப்பு) வகையை வாங்காதீர்கள். பெரும்பாலும் ராமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றுவைக்கப்பட்டவை, கூட்ட வழியில்லை. எஸ்எஸ்டி போட்ட பத்து வருட ஐ5 டெஸ்க்டொப் அதைவிட விரைவாக ஓடும். பிள்ளை உயர்தரம் முடிக்கும்வரை தாங்கும் என்று நம்பி வாங்கும் பெற்றோர் இதில்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள்.

பழையதை விடும் முன்

மொனிட்டர், கீபோர்ட், யூபிஎஸ், எஸ்எஸ்டி நான்கையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் இருந்தால் விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவையும் நகலெடுங்கள். இல்லாவிட்டால் புதிய கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காமல் ஒரு மாதம் அலுமாரியில் வையுங்கள். மறந்துபோன கோப்பு அந்த ஒரு மாதத்துக்குள் எப்படியும் நினைவுக்கு வரும். அதன் பிறகு டிஸ்க்கை முழுமையாக அழித்து, மிச்சத்தை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். ஈயப் பற்றரியும் வீங்கிய லித்தியம் பற்றரியும் வீட்டுக் குப்பைப் பையில் போகக் கூடாது.