சின்ன வயசுல ஜெயிலுக்குப் போன பயலுக்கு வயச நிரூபிக்கிறது எப்படி: குமரி மாவட்டத்து வீட்டுக்காரங்களுக்கு

உங்க வீட்டுப் பய பதினாறு பதினேழு வயசுல ஒரு கேஸுல மாட்டி, ஸ்டேஷன்ல 19னு எழுதி பெரியவங்க கூடவே ரிமாண்ட் பண்ணி, தண்டனையும் ஆகி, மீச மொளச்சதும் உள்ள, நரை விழுந்ததும் உள்ளன்னு பாளையங்கோட்டைல கெடக்கானா? நீங்களும் மாசா மாசம் வடசேரில பஸ் ஏறி மனு பாக்க, அதாவது ஜெயில்ல மனு எழுதிக் குடுத்து அவனப் பாக்க, போயிட்டு வந்துட்டு இருக்கீங்களா? அப்ப இத கடைசி வரைக்கும் படிங்க, வக்கீல் சொல்லிருப்பாருன்னு விட்டுடாதீங்க, நெறைய கேஸுல யாருமே வயச பத்தி வாயே தெறக்கல, அதுதான் எனக்கு ஆறாத கோவம்.

மொதல்ல இத மனசுல வச்சுக்கிடுங்க. சம்பவம் நடந்த அன்னைக்கு அவனுக்கு 18 முடியலன்னா அவன் சட்டத்துக்கு குழந்தை. போலீஸ் புடிச்ச தேதி இல்ல, தீர்ப்பு சொன்ன தேதியும் இல்ல, சம்பவம் நடந்த தேதி. 2015 இளைஞர் நீதி சட்டம் 9வது பிரிவுல தெளிவா இருக்கு, இத எந்த கோர்ட்லயும் எந்த கட்டத்துலயும் கேக்கலாம், கேஸ் மொத்தமா முடிஞ்ச பிறகும் கேக்கலாம், அவனுக்கு இப்ப நாப்பது வயசானாலும் கேக்கலாம். அப்பீல் தள்ளுபடி ஆயிட்டு, இனி என்ன இருக்குன்னு கைய விரிக்கிறவங்க பேச்ச கேக்காதீங்க. 1994ல மகாராஷ்டிராவுல நடந்த ஒரு கேஸுல தூக்கு தண்டனை வாங்கின ஒருத்தர 28 வருஷத்துக்கு மேல உள்ள இருந்த பிறகு 2023 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணிச்சு, சம்பவம் நடந்தப்ப அவருக்கு பன்னெண்டு வயசுதான், அத காட்டிக் கொடுத்தது ராஜஸ்தான்ல ஒரு பள்ளிக்கூடத்து பழைய ரெஜிஸ்டர். 2025 ஜனவரில உத்தரகாண்ட் கேஸும் அதே மாதிரி, 14 வயசுல நடந்ததுக்கு 25 வருஷம் உள்ள, ஜனாதிபதி வரைக்கும் போயி தூக்க ஆயுளா குறைச்சிருந்தாங்க, கடைசில வயசுதான் காப்பாத்திச்சு. 2001க்கு முன்னால நடந்த கேஸுன்னா பையன்களுக்கு 16தான் கணக்குன்னு யாராவது சொன்னா அதயும் நம்பாதீங்க, 2006 திருத்தத்துக்கு அப்புறம் பழைய கேஸுக்கும் 18தான்.

இனி பேப்பர் வேலை, இதுதான் மொத்த சமாச்சாரமும். அதே 2015 சட்டத்தோட 94வது பிரிவுல வரிசை போட்டு வச்சிருக்காங்க, அந்த வரிசைய தாண்டி குதிக்க முடியாது. முதல்ல பள்ளிக்கூடம் குடுக்கிற பிறந்த தேதி சர்ட்டிபிகேட் இல்லன்னா பத்தாம் கிளாஸ் சர்ட்டிபிகேட். அது இல்லன்னா மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து குடுத்த பிறப்பு சான்றிதழ். ரெண்டும் இல்லன்னாதான் எலும்பு எக்ஸ்ரே டெஸ்ட். ஆதார் கார்டையும் ரேஷன் கார்டையும் தூக்கிட்டு ஓடாதீங்க, இந்த வரிசைல அதுக்கு இடமே இல்ல.

பத்தாவது பாஸோ பெயிலோ, பரீட்ச எழுதிருந்தா மார்க் ஷீட் கெடைக்கும், வேல சுளுவு. ஆனா நம்ம பிள்ளைங்க நெறைய பேரு எட்டோட நிப்பாட்டி வள்ளத்துக்கோ ரப்பர் வெட்டுக்கோ கொத்தன் வேலைக்கோ போனவங்கதான். அப்ப அவன் கடைசியா படிச்ச ஸ்கூலுக்கு மட்டும் போய் டிசி வாங்கிட்டு வந்தா பத்தாது. 2023ல நம்ம தமிழ்நாட்டு கேஸு ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, டிசியும் அட்மிஷன் ரெஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்டும் 94வது பிரிவு கேக்கிற சர்ட்டிபிகேட் ஆகாதுன்னு. அதனால ஒண்ணாங்கிளாஸ் சேத்த ஸ்கூலுக்கு போங்க, ஆர்சி ஸ்கூலோ சிஎஸ்ஐ ஸ்கூலோ கவர்மென்ட் ஸ்கூலோ, ஹெட்மாஸ்டர்ட்ட பிறந்த தேதி போட்டு ஸ்கூல் லெட்டர்பேட்ல, சீலோட, கையெழுத்தோட சர்ட்டிபிகேட் கேளுங்க, அதுகூட ரெஜிஸ்டர் பக்கத்தோட அட்டெஸ்டட் காப்பியும் வாங்கிடுங்க.

ரெஜிஸ்டர தெறக்கும்போது நீங்களே உத்துப் பாருங்க. சேர்க்கை எண் வரிசையா வருதா, தேதி எண்ணுலயும் எழுத்துலயும் ஒண்ணா இருக்கா, அடிச்சுத் திருத்திருக்கா, அப்பா கையெழுத்தோ கைநாட்டோ இருக்கா, மேல கீழ உள்ள பிள்ளைங்க பேரும் அதே மையில இருக்கான்னு. எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கப்போறது இதத்தான். ஹெட்மாஸ்டர ரெஜிஸ்டரோட வரச்சொல்லி கோர்ட்ல இருந்து சம்மன் போகலாம், அதனால அவர்ட்ட மரியாதையா முன்கூட்டியே சொல்லி வைங்க, கரையான் அரிச்சு பழைய புக் எல்லாம் போட்டுருக்கிற ரூம்ல இருந்து அத வெளிய எடுத்து பத்திரமா வைக்கச் சொல்லுங்க.

அப்புறம் நம்ம ஊருல ஒரு பழக்கம் உண்டு, ஸ்கூல்ல சேக்கணும்னு மே மாசத்துல ஏதோ ஒரு தேதிய சொல்லிட்டு வர்றது. அப்படி உண்மையான வயசுக்கு மேல கூட்டிச் சொல்லி, அந்த தேதிப்படி பாத்தா சம்பவத்தன்னைக்கு 18 முடிஞ்சுட்டுன்னு வந்தா கஷ்டம்தான், பிறப்பு சான்றிதழ்ல வேற தேதி இருந்தாலும் ஸ்கூல் பேப்பருக்குத்தான் முதல் இடம். அத மறைக்காம வக்கீல்ட்ட மொதல்லயே சொல்லிடுங்க.

பிறப்பு சான்றிதழ் தேடும்போது இங்க உள்ளவங்க மறக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. பிறந்த ஊருலதான் பதிவு இருக்கும், வீடு இருக்கிற ஊருல இல்ல. விளவங்கோடு பக்கம் நெறைய பிரசவம் திருவனந்தபுரத்துலயும் பாறசாலைலயும் நெய்யாற்றின்கரைலயும் நடந்தது, அப்ப பதிவு கேரளாவுல இருக்கும், மலையாளத்துல அம்மா பேர வேற மாதிரி எழுதிருப்பாங்க, குழந்த பேரு காலியாவே இருக்கும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி பேரும் ஏறக்குறைய எந்த மாசம்ங்கிறதும் ஞாபகம் இருந்தா போதும், தேடிப்பிடிக்கலாம். கோயில்ல ஞானஸ்நானப் பதிவேடு இருந்தா அதயும் வாங்குங்க, சட்ட வரிசைல அது இல்ல, ஆனா மத்த பேப்பருக்கு துணையா நிக்கும். இப்ப போய் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) வழியா புதுசா பிறப்ப பதிஞ்சு சான்றிதழ் எடுக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா அவசரப்படாதீங்க, கேஸுக்கு அப்புறம் உண்டான பேப்பர கோர்ட் சந்தேகத்தோடதான் பாக்கும். போலியா எதயும் உண்டாக்கினா அதோட எல்லாம் போச்சு, புதுக் கேஸும் வரும், உண்மையா சின்னப் பயலா போனவனுக்கும் யாரும் நம்ப மாட்டாங்க.

எலும்பு டெஸ்ட்ல வயசு துல்லியமா வராது, ரெண்டு வருஷம் முன்ன பின்ன இருக்கும்னு கோர்ட்டே ஏத்துக்கிட்டது. முப்பது தாண்டினவனுக்கு எடுத்தா அத வச்சு 17ஆ 18ஆன்னு சொல்லவே முடியாது. அதனாலதான் பேப்பர் பேப்பர்னு இவ்ளோ சொல்லுதேன்.

வக்கீலுக்கு பணம் இல்லன்னு உக்காந்துடாதீங்க. ஜெயில்ல இருக்கிறவனுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துலயே இருக்கு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, 15100க்கு போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க. போகும்போது குற்ற எண், ஸ்டேஷன் பேரு, செஷன்ஸ் கேஸ் நம்பர், தீர்ப்பு நகல், அவன் கைதி நம்பர், இந்த வயசு பேப்பர் எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, ஒரிஜினல யார்ட்டயும் குடுத்துட்டு வராதீங்க, மனு குடுத்ததுக்கு சீல் போட்ட காப்பி வாங்குங்க. கேஸ் நடந்துட்டு இருந்தா அதே கோர்ட்ல மனு, அப்பீல்ல இருந்தா ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல, எல்லாம் முடிஞ்சிருந்தா ஹைகோர்ட்டா சுப்ரீம் கோர்ட்டான்னு வக்கீல் முடிவு பண்ணுவாரு. உள்ள இருக்கிறவனும் ஜெயில் சூப்பிரண்டெண்ட் வழியா மனு எழுதலாம், அடுத்த தடவ மனு பாக்கும்போது அவன்ட்ட சொல்லுங்க.

குழந்தைதான்னு கோர்ட் முடிவு பண்ணிட்டா அந்த தண்டனைக்கு மதிப்பு இல்ல, அவன, 18 முடியாத பிள்ளைங்க கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பணும். குழுமம் அதிகபட்சம் மூணு வருஷம்தான் சிறப்பு இல்லத்துல வைக்க முடியும், அத எப்பவோ உள்ள கழிச்சுட்டான். ஒரு விஷயம் மட்டும் வேற மாதிரி. 2016 ஜனவரி 15க்கு அப்புறம் நடந்த சம்பவமா இருந்து, அவனுக்கு 16 முடிஞ்சு, குறைஞ்சபட்ச தண்டனையே ஏழு வருஷம்னு உள்ள பெரிய குற்றமா இருந்தா, குழந்தைகள் கோர்ட்ல பெரியவங்க மாதிரி விசாரிக்க வாய்ப்பு இருக்கு. அப்பவும் 21 வரைக்கும் ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது, 21 ஆகும்போது அவன் திருந்திருக்கானான்னு கோர்ட் பாத்து வெளிய விடலாம், வெளிய வர வழியே இல்லாத ஆயுளும் தூக்கும் குடுக்கவே கூடாது. படிச்சது, தொழில் கத்தது எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட் அப்ப கணக்குல வரும், அதனால உள்ள இருக்கும்போதே பத்தாவது எழுதச் சொல்லுங்க, கெஞ்சியாவது எழுத வைங்க.

இந்த வேலைக்கு இடையில எதிர் வீட்டுக்காரங்கட்ட போய் சமாதானம் பேசுறேன்னு நிக்காதீங்க. அவங்க வீட்டுலயும் ஒரு உயிர் போயிருக்கலாம், நம்ம பய பேப்பர் ஜெயிக்கிறதுக்கு அவங்க மனசு நோகணும்னு இல்ல.

வெளிய வந்த பிறகு அவன கொஞ்ச நாள் அவசரப்படுத்தாதீங்க. பதினேழுல உள்ள போனவனுக்கு ஏடிஎம் கார்டு தெரியாது, கூகுள் பே தெரியாது, லைட் அணைச்சா தூக்கம் வராது, ஏன்னா ஜெயில்ல லைட்டே அணைக்க மாட்டாங்க. சாப்பாட்டுத் தட்ட எடுக்கவும் அனுமதி கேப்பான். சிரிக்காதீங்க, சொந்தக்காரங்கள கூட்டிட்டு வந்து காட்டவும் செய்யாதீங்க. ஆதார், ரேஷன் கார்டுல பேரு, பேங்க் அக்கவுண்ட் மூணயும் யாராவது ஒருத்தர் கூடவே போய் முடிச்சுக் குடுங்க.

கல்ஃப் போகணும்னு கண்டிப்பா கேப்பான், நம்ம ஊருல அதுதானே வழி. குழந்தையா முடிவான கேஸுல தண்டனையால வர்ற தகுதிக் குறைவு எதுவும் ஒட்டாதுன்னு இளைஞர் நீதி சட்டம் 24வது பிரிவு சொல்லுது, கேஸ் நடந்துட்டு இருந்தாலும் முடிஞ்சிருந்தாலும் நன்னடத்தை சான்றுக்காக போலீஸ் அந்த ரெக்கார்ட வெளிய விடக்கூடாதுன்னு 74வது பிரிவு சொல்லுது, குழந்தைகள் கோர்ட்ல பெரியவங்க மாதிரி விசாரிச்ச கேஸுக்கு மட்டும் தகுதிக் குறைவு விஷயம் வேற. அதனால குழுமத்தோட உத்தரவு சர்டிஃபைடு காப்பி நாலஞ்சு வாங்கி வைங்க, பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்து பழைய கேஸ தோண்டினா அத கையில குடுங்க, அப்பவும் எழுதிவிட்டா அதே சட்டப்பணிகள் ஆபீஸுக்கு எழுத்துல புகார் குடுங்க.