குஞ்சு பொரிக்கும் முன்பே இரை: வீட்டில் கோமாளி மீன் வளர்ப்பு

கடல் மீன்களை வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய விரும்புபவர்கள், ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஓசெல்லாரிஸ் கோமாளி மீனில் தொடங்குவதே நல்லது. பல கடல் மீன்கள் முட்டைகளை நீரோட்டத்தில் விட்டுவிடுகின்றன. அவற்றின் குஞ்சுகளுக்கு ஏற்ற நுண்ணிரையைக் கொடுப்பது வீட்டில் மிகவும் கடினம். கோமாளி மீனோ முட்டைகளைக் கல்லில் ஒட்டி வைத்துக் காவல் காக்கிறது. குஞ்சும் சுமார் 4 மில்லிமீட்டர் நீளத்துடன், இரையைப் பிடிக்கத் தயாரான வாயுடன் வெளிவருகிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்திலும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்த்திருக்கிறார்கள். முட்டையிட வைக்கப் பொறுமை இருந்தால் போதும்; கடினமானது, பொரித்த குஞ்சுகளுக்கு முதல் பத்து நாள்கள் இரை கொடுப்பதுதான்.

ஆண், பெண் பார்த்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த மீன்களில் எந்தக் குஞ்சும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் பெரியதும் ஆதிக்கம் மிக்கதுமான மீன் பின்னர் பெண்ணாகிறது, அதற்கு அடுத்தது ஆணாகிறது. ஆகவே பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு இளம் மீன்களை, ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து ஒரே தொட்டியில் விட்டால் இணை தானாக அமையும். பெண்ணான மீன் மீண்டும் ஆணாவதில்லை என்பதால், வளர்ந்த இரண்டு பெரிய மீன்களை ஒன்றாக விட்டால் சண்டை சாவில் முடியலாம்.

இணைக்கு 100 லிட்டர் தொட்டி போதும். வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி வரையிலும், ஒப்படர்த்தி (நீரின் உப்பளவைக் காட்டும் எண்) 1.025 அளவிலும், வெளிச்சம் நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரமும் மாறாமல் இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் ஹீட்டரைவிட நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் சிறு மின்விசிறியே அதிகம் தேவைப்படும். கடலில் இந்த மீன்கள் தங்கும் கடற்சாமந்தி கட்டாயமில்லை, சாய்த்து வைத்த மண்சட்டியோ ஓட்டுத் துண்டோ போதும். பொடியாக நறுக்கிய இறால், மட்டிச் சதை, உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி) ஆகியவற்றை மாற்றி மாற்றி நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள்.

ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து, பெண்ணின் வயிறு பருத்து, ஆண் அந்த ஓட்டுத் துண்டை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யத் தொடங்கினால் ஓரிரு நாள்களில் முட்டைகளை எதிர்பார்க்கலாம். முதல் சில தொகுதிகளைப் பெற்றோரே தின்றுவிடுவது வழக்கம். அதற்காகத் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். அந்த இடைவெளி உண்மையில் நமக்குச் சாதகமானது, ஏனெனில் இரை வளர்க்க அப்போதே தொடங்க வேண்டும்.

குஞ்சின் முதல் இரை ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிர். காற்றுக்குழாய் பொருத்திய பக்கெட்டில், கடல்நீரைவிட உப்பு சற்றுக் குறைந்த நீரில், நானோகுளோராப்சிஸ் பாசியை ஊட்டி இதை வளர்க்கலாம். ஒரே பக்கெட்டை நம்பக் கூடாது. காரணமே தெரியாமல் ஒரே இரவில் மொத்தமும் செத்துப்போகும் இயல்புடையது இது, ஆகவே குறைந்தது இரண்டு பக்கெட்டுகளை தனித்தனி வடிகட்டிகளுடன் பராமரியுங்கள்.

முட்டைகள் முதலில் ஆரஞ்சாக இருந்து, பின் பழுப்பாகி, ஆறாம் ஏழாம் நாளில் வெள்ளிபோல் மின்னும் கண்களைக் காட்டும். அன்று மாலை முட்டைகள் ஒட்டிய ஓட்டுத் துண்டை நீரை விட்டு வெளியே எடுக்காமல் ஒரு பாத்திரத்தில் வைத்து, 30 லிட்டர் அளவுள்ள வளர்ப்புத் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் தாய்த்தொட்டியின் நீரையே நிரப்பி, பக்கங்களைக் கறுப்புக் காகிதத்தால் மூடியிருக்க வேண்டும். ஆண் மீன் துடுப்பால் விசிறுவதைப் போல முட்டைகளின் மேல் நீர் அசையும்படி காற்றைக் குமிழ்களாக விடும் ஏர் ஸ்டோனை வையுங்கள். விளக்கு அணைந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பொரித்துவிடும். அதன்பின் குமிழ்களை மெல்லக் குறைத்துவிடுங்கள், வேகமான நீரோட்டம் குஞ்சுகளைக் களைப்படையச் செய்யும்.

மறுநாள் காலை முதலே மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் அளவு தொடர்ந்து இருக்க வேண்டும், ஏனெனில் இரையைத் தேடி அலையும் வலு குஞ்சுக்குக் கிடையாது. நீர் இளம்பச்சையாகத் தெரியும் அளவுக்குப் பாசியைச் சேர்த்தால் ரோட்டிஃபரும் பட்டினி கிடக்காது, வெளிச்சமும் மட்டுப்படும். அம்மோனியாவைத் தினமும் சோதித்து, அடியில் படிந்ததை மெல்லிய குழாயால் உறிஞ்சி, அதே உப்புச் செறிவும் வெப்பமும் உள்ள புதுநீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஏழாம் நாள் வாக்கில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது கொடுக்கத் தொடங்கலாம். ஆனால் ரோட்டிஃபரை உடனே நிறுத்தாதீர்கள், பின்தங்கிய குஞ்சுகள் அதை நம்பித்தான் இருக்கும். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

எட்டாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடையில் தலைப் பட்டை தோன்றி, குஞ்சுகள் கண்ணாடி ஓரத்தில் தங்கத் தொடங்கும். உருமாறும் இந்த நாள்களில் சாவு கூடுவது வழக்கம். சத்தூட்டிய ஆர்ட்டீமியா அதை ஓரளவு குறைக்கும். பட்டை வந்தபின் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக இயக்கி, பொடித்த உலர்தீவனத்துக்குப் பழக்கலாம். அதற்குள் பெற்றோர் அடுத்த தொகுதியை இட்டிருப்பார்கள். தொட்டி காலியில்லையென்றால் அதை எடுக்காமல் விட்டுவிடுங்கள், ரோட்டிஃபர் பக்கெட்டுகளை மட்டும் கைவிடாதீர்கள்.