அமெரிக்கப் புரட்சியா? 1763-இல் தொடங்குங்கள்

முதல் தடவை நான் 1776-இலிருந்து படித்துவிட்டு, 'காரணங்கள் யாவை?' என்ற கேள்வியைப் பார்த்து முழித்தேன். நீங்கள் 1763-இல் தொடங்குங்கள். பிரான்சோடு நடந்த போரில் பிரிட்டன் ஜெயித்தது, ஆனால் கடன் கழுத்தை நெரித்தது; அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தன் அமெரிக்கக் காலனிகள் மீது வரியாகப் போட்டது. அது புரிந்தால் 1765 முத்திரைச் சட்டம் (காகித ஆவணங்களுக்கு வரி), 1767 டவுன்ஷெண்ட் வரிகள் (தேயிலை, கண்ணாடி போன்ற இறக்குமதிகளுக்கு வரி) எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

தேயிலையில் மட்டும் நிதானம். 1773 சட்டம் டீ விலையை ஏற்றவில்லை, குறைத்தது! ஆனால் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி அப்படியே இருந்தது. 'எங்களைக் கேட்காமல் வரி போட நீ யார்?' என்று காலனி மக்கள் பிரிட்டனைக் கேட்டதுதான் சண்டை. அந்தக் கோபத்தில்தான் பாஸ்டனில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குள் போயின.

போர்களில் லெக்சிங்டன், சரடோகா, யார்க்டவுன் போதும். சரடோகாவுக்குப் பக்கத்தில் 'பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் உள்ளே வந்தது, 1778' என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.