படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பக்கவாதம் வந்த அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதில் நானும் தம்பியும் பழகிக்கொண்டதை எழுதுகிறேன். மாத்திரை, பிரஷர், சர்க்கரை விவரமெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கும், அதற்குள் போகவில்லை. உடம்பை எப்படித் தூக்குவது, எப்படித் திருப்புவது என்று அந்தத் தாளில் இருக்காது.

1. வீட்டுக்கு வருவதற்கு முன்

திருப்பிப் போடுவது, டயப்பர் மாற்றுவது, மூக்குக்குழாய் இருந்தால் அதில் ஊட்டுவது, இந்த மூன்றையும் வார்டு நர்ஸிடம் கேளுங்கள். பார்த்தால் மட்டும் போதாது. அவர் பக்கத்தில் நிற்கும்போதே உங்கள் கையால் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

2. கட்டில்

சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். தலைப்பக்கம் தூக்கும் கட்டில் வாடகைக்கே கிடைக்கிறது. படுக்கையைப் பொறுத்தவரை என் ஓட்டு மோட்டார் வைத்த ஏர் பெட்டுக்குத்தான். தண்ணீர் படுக்கை கனம், நிரப்பிவிட்டால் நகர்த்த முடியாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையை வாங்கவே வாங்காதீர்கள். அது சுற்றியுள்ள சதையை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

3. திருப்பிப் போடுதல்

எனக்குப் பிடிபட நாளானது இதுதான். ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பார்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடுப்புக்கும் தோளுக்கும் கீழே ஒரு பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துக் குறுக்கே விரித்து வையுங்கள். இதற்கென்று விற்கும் எந்த விரிப்பையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும். இடது பக்கம் திருப்ப வேண்டுமென்றால், முதலில் வேட்டியைப் பிடித்து ஆளை வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள். அப்புறம் இடது பக்கம் வந்து நில்லுங்கள். இடது கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்து, வலது முழங்காலை மடக்கி, வலது கையை மார்பின் மேல் வையுங்கள். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும், இடுப்பெலும்பின் முனையில் மொத்த எடையும் இறங்காது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் எடை படவிடாதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

(சேர்த்தது: "அப்பா நல்ல கறுப்பு, சிவப்பே தெரியவில்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மாநிறத்திலும் கறுப்பிலும் கண்ணைவிடக் கை உதவும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுவும் அதே எச்சரிக்கைதான்.)

4. சாப்பாடு

வாய்வழி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, சின்னக் கரண்டியால் கொடுங்கள். முழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீர்தான் சட்டென்று புரையேறும். கெட்டியான கஞ்சி, குழைந்த சாதம் சுலபமாக இறங்கும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு குரல் கரகரத்தாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

5. யாரிடம் உதவி கேட்பது

தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

பின்சேர்க்கை: கரண்ட் போனால்?

இதைப் பலர் கேட்டுவிட்டீர்கள். மோட்டார் நின்றால் ஏர் பெட்டில் காற்று மெல்ல இறங்கும். அதனால் அடியில் சாதாரண மெத்தை எப்போதும் இருக்கட்டும். ஏர் பெட்டின் காற்றுக் குழாய்க்கு மூடி இருந்தால், குழாயை மோட்டாரிலிருந்து கழற்றி அந்த மூடியால் மூடிவிடுங்கள். பிறகு ஏர் பெட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில், நோயாளியின் இடுப்புக்கு நேராக உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. கரண்ட் வரும்வரை இன்னும் அடிக்கடி திருப்பிப் போடுங்கள்.