அகதி மனுவை எடைபோடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கூடலூர், பந்தலூர் பக்கத்து டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களில் இருக்கும் குடும்பங்கள் பல, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவை. அவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறியவர்கள் அகதிகள். நீலகிரியில் இரு தரப்பையும் ஒன்றாகச் சேர்த்தே பேசிவிடுகிறோம். அகதி மனுவிலோ ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: திரும்பிப் போனால் இவரை யார், எதற்காக, என்ன செய்வார்கள்?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இந்த விசாரணை பெரும்பாலும் கனடாவிலோ பிரிட்டனிலோ மனுப் போட்ட சொந்தக்காரர்கள் வழியாகத்தான் தெரியவருகிறது. அவர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறவர்களும், இங்கே சட்டம் படிக்கிற பிள்ளைகளும், மனுவை விசாரிக்கும் அதிகாரிகள் செய்கிற இந்தத் தவறுகளை அறிந்திருக்க வேண்டும்.

அரசியல் காரணம் என்றதும் "எந்தக் கட்சி? உறுப்பினர் அட்டை எங்கே?" என்று கேட்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வன்னியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியோடு வந்தவர்களுக்குச் சோறு கிடையாது என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா? அவருக்கு அரசியலே இல்லாமல் இருக்கலாம். ஆனால் ராணுவத்தின் கணக்கில் அவர் புலி ஆதரவாளர். துன்புறுத்துகிறவர் அவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைத்தான் தேட வேண்டும். கனடா உச்ச நீதிமன்றம் 1993லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"சரி, ஊருக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமே" என்பது இன்னொன்று. ஆளுங்கட்சிக்கு விசுவாசம் இருப்பதுபோல் நடிக்கச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்று, ஜிம்பாப்வேக்காரர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது.

அப்புறம், ஆபத்து நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. பத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட நியாயமான அச்சம் ஆகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னது. அவசர முடிவு என்ன செய்யும் என்பது நம்மவர்கள் கதையிலேயே இருக்கிறது. பிரிட்டன் 1988இல் சில தமிழ் இளைஞர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே அவர்களில் சிலர் பிடிபட்டு அடிபட்டார்கள். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது என்று மறு ஆண்டே மேல்முறையீட்டில் முடிவானது. அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

தேதி முன்பின் ஆனதை வைத்து மட்டும் பொய்யர் என்று எழுதிவிடுகிறார்கள். அடிபட்டவருக்கு எந்த மாதம் என்பது மறந்துபோகும், எந்த அறை என்பது மறக்காது. உடம்பிலுள்ள தீச்சூட்டுத் தழும்பை அவரே ஆள் வைத்துப் போட்டுக்கொண்டார் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கை, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019இல் மறுவிசாரணைக்கு அனுப்பியது. மருத்துவரின் அறிக்கையைப் படித்து முடிக்கும் முன்பே அவரை நம்ப முடியாது என்று முடிவுசெய்யக் கூடாது.

மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. மனுவில் சொன்னது உண்மையா என்று, அவர் தப்பி வந்த நாட்டின் காவல் துறையிடமோ தூதரகத்திடமோ பெயரைச் சொல்லி விசாரிப்பது. ஊரில் இருக்கிற பெற்றோரின் வீட்டுக்கு மறுநாளே ஆள் போகும். பெயரை வெளியிடாமல் நாட்டு நிலவர அறிக்கைகளோடும், அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது.