"நம்பிக்கையா இரு" எண்டு சொன்னா மட்டும் காணாது: வேலையிடத்துல நாங்க விடுற பிழைகள்

திருகோணமலையில உப்புவெளி நிலாவெளி பக்கம் ஹோட்டல்ல வேலை செய்யுற ஆக்களுக்கு தெரியும், மே தொடங்கி செப்டம்பர் மட்டும் மூச்சு விட நேரமில்ல, வாடைக்காத்து தொடங்கினா ரூம் எல்லாம் காலி, அதோட பெடியள்ட மனசும் விழுந்துடும். அந்த நேரம் மீட்டிங் வச்சு "நம்பிக்கையா இருங்க" எண்டு சொல்லிட்டு போறதுதான் நான் கண்டதுல பெரிய பிழை. நானும் சூப்பர்வைசரா இருக்கேக்க அதைத்தான் செஞ்சனான்.

உளவியல் மூலதனம், அதாவது வேலைக்கு கைகுடுக்கிற மனப்பலம், எண்டு அமெரிக்க பேராசிரியர் பிரெட் லூதன்ஸும் கூட இருந்தவங்களும் சொன்னது நாலு விஷயம்: நம்பிக்கை, என்னால முடியும் எண்ட துணிவு, விழுந்தா எழும்புற பலம், நல்லதை எதிர்பாக்கிற மனம். நம்பிக்கை எண்டதுக்கு ரெண்டு பாதி இருக்கு எண்டு ஸ்னைடர் எண்ட உளவியலாளர் விளக்கினவர், போய்ச் சேரோணும் எண்ட வேகம் ஒண்டு, போறதுக்கு வழி மற்றது, ஒரு வழி அடைபட்டா வேற வழியும் தெரிஞ்சிருக்கோணும். நாங்க வழிய காட்டாம வேகத்தை மட்டும் கேக்கிறம், பிறகு பிள்ளை களைச்சுப் போறான். "ஏப்ரலுக்குள்ள நீ தனிய செக்-இன் செய்யோணும், இந்த மாசம் என்னோட நிண்டு பழகு, கம்ப்யூட்டர் நிண்டா இந்த கொப்பியில எழுது" எண்டு சொல்லிப் பாருங்க, அவன்ட முகமே மாறும்.

அடுத்தது, புதுப் பெடியன் கவுண்டர்ல தடுமாறினா "தள்ளு, நான் செய்யுறன்" எண்டு பறிக்கிறது. ஆக்கள் நிறைய நிக்கேக்க கை தானா போகும்தான். ஆனா துணிவு வாற வழியள்ல ஆகப் பலமானது தானே ஒண்டை செஞ்சு முடிக்கிறது எண்டு உளவியலாளர் பண்டூரா 1977லயே எழுதிட்டார். நீங்க பறிச்சா அவனுக்கு கிடைக்கிறது "என்னால ஏலாது" எண்ட பாடம் மட்டும்தான், பக்கத்துல நிண்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க.

"அவன் பிறவிலயே சோர்ந்தவன்" எண்டு முத்திரை குத்துறதும் பிழை, இந்த நாலையும் பழக்கி வளக்கலாம் எண்டுதான் லூதன்ஸ் ஆக்கள் சொல்லினம்.

எனக்கு உண்மையா கோவம் வாறது வேறொண்டுக்கு. ரெண்டு ஷிஃப்ட் தொடர்ந்து போட்டு, சம்பளத்தையும் பிந்திக் குடுத்துட்டு, தாங்குற பலம் வேணும் எண்டு வகுப்பு எடுக்கினம். அந்தப் பிள்ளைக்கு வகுப்பு வேணாம், லீவும் சம்பளமும்தான் வேணும். கடல் கொந்தளிக்கேக்க "ஒண்டும் நடக்காது" எண்டு புறாத்தீவுக்கு போட் விடுறதும் நல்லதை எதிர்பாக்கிறது இல்ல, நிலைமைய பாத்து "இண்டைக்கு வேணாம், காத்து இறங்கினா போவம்" எண்டு சொல்றவன்தான் அந்த மனம் உள்ளவன்.