கொழும்பில் ராமென்: உட்காரும் முன் சூப்பைப் பற்றிக் கேளுங்கள்

கொழும்புக்கு வந்து இரண்டு மாதத்தில் மதியச் சாப்பாடு அலுத்துப்போகும். இங்கே சாப்பாடு மோசம் என்று சொல்ல வரவில்லை. சோறு, பருப்பு, ரெண்டு மரக்கறி, ஒரு மீன் துண்டு வைத்துக் கட்டித் தருகிற பார்சல் அருமையான சாப்பாடு, கோட்டைப் பக்கம் வேலை பார்க்கிற எத்தனையோ பேருக்கு அதுதான் மதியம். ஆனால் தினமும் அதையே மேசையில் பிரித்துவைத்து கம்ப்யூட்டரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள், கண் முன்னால் செய்து சூடாகக் கையில் தருகிற ஏதாவது வேண்டும்போல இருக்கும். எனக்கு அப்படி இருந்த ஒரு மழை நாளில்தான் ராமென் கிடைத்தது, சூடான சூப்பில் போட்டுத் தருகிற ஜப்பானிய நூடுல்ஸ்.

நான் தூத்துக்குடிக்காரன், இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அண்ணே, ராமென் கடை இருக்காமே, ரொம்ப விலையா, நாம போகலாமா?" என்று கேட்கிறார்கள். போகலாம். மாதம் ஒரு முறை, சம்பளம் வந்த வாரத்தில், தாராளமாகப் போகலாம். போகும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும், அதிலும் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் காசு. மெனுவில் பார்க்கிற விலை பில்லில் வருகிற விலை இல்லை. பல கடைகளில் 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் வற் (VAT) வரி 18% (2024 ஜனவரியிலிருந்து இந்த விகிதம்). இரண்டும் போடுகிற கடையில் 1,600 ரூபாய் என்று எழுதியிருக்கிற கிண்ணம் கையில் பில் வரும்போது 2,077 ரூபாய் ஆகிவிடும். நம் ஊர்க் காசுக்கு 600 ரூபாய் அளவில் வரும். நம்மவர்கள் பலர் முதல் முறை இங்கேதான் முகம் மாறிப்போகிறார்கள், அதுவும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கேட்கவே வேண்டாம். சின்னக் கடைகள் சில, வரியெல்லாம் உள்ளடக்கி ஒரே விலையாகப் போட்டிருக்கும். மெனுவின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு ஆர்டர் சொல்லுங்கள். வந்த புதிதில் இங்கே கணக்குத் திறக்கும் வரை நம் ஊர் யூபிஐ உதவும், 2024 பிப்ரவரியிலிருந்து லங்கா கியூஆர் ஒட்டியிருக்கிற இடங்களில் அதை ஏற்க வசதி செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கடையிலும் வேலை செய்யும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: சோயா, மிசோ, கடற்பாசி எல்லாம் இறக்குமதி. 2022-இல் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்களில் நான் இங்கே இருந்தேன், பால்மாவுக்கே வரிசையில் நின்ற காலம் அது. அப்போது ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

ஜப்பானியச் சாப்பாடு என்றதும் இங்கே உள்ளவர்கள் நிஹொன்பாஷி பெயரைத்தான் சொல்வார்கள். தர்ஷன் முனிதாச 1995-இல் தொடங்கியது, பேர்பெற்ற இடம். அது கல்யாண நாளுக்கும் பிறந்த நாளுக்கும். நான் சொல்கிறது எட்டு, பத்து பேர் உட்காரக்கூடிய சின்னக் கடைகளைப் பற்றி. கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை என்று நகரின் நடுப்பகுதியில் தேடிப் பாருங்கள். கடைப் பெயரைச் சொல்லிவிடலாம்தான், ஆனால் இந்த ஊரில் சின்னக் கடைகள் இடம் மாறும், சமையல்காரர் மாறுவார், போன வருஷம் நன்றாக இருந்தது இந்த வருஷம் அப்படி இருக்காது. எந்தக் கடை சரியாக இருக்கும் என்று கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால் பெயர் தேவைப்படாது.

மெனு சின்னதாக இருக்க வேண்டும், நாலைந்து கிண்ணம் போதும். ஃப்ரைட் ரைஸ், சுஷி, பீட்சா, ராமென் என்று அறுபது அயிட்டம் போட்டிருந்தால் அங்கே ராமெனுக்காக யாரும் காலையிலிருந்து எலும்பு கொதிக்க வைத்திருக்க மாட்டார்கள். அடுப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் போகிற கடையில் மேசைக்கு அந்தப் பக்கமே அடுப்பு. ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, அதில் நாலைந்து கம்பிக் கூடைகள் தொங்கும். சமைக்கிற பையன் ஒரு பிடி நூடுல்ஸைக் கூடையில் போட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி, சூடு பண்ணி, அடியில் ஒரு கரண்டி கறுப்பு சோயாக் கரைசல் விடுவான். அதன் மேல் சூப். பிறகு கூடையைத் தூக்கி மூன்று உதறு உதறுவான், கடைசி உதறலில் தண்ணீர் சுத்தமாகப் போய்விடும். நூடுல்ஸைச் சூப்புக்குள் மடித்து இறக்கி, மேலே கோழி, வெங்காயத் தாள், பாதியாக வெட்டிய முட்டை. அந்த முட்டையின் மஞ்சள் கரு முழுதாக வெந்திருக்காது, தேன்போல இருக்கும். சோயாவில் ஊறியதால் வெள்ளைக் கரு தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். பழசோ என்று பயப்படாதீர்கள், அதன் பக்குவமே அதுதான்.

ராமென் என்றதும் கொரியன் பாக்கெட்டையோ மேகியையோ நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாக்கெட் நூடுல்ஸ் இதிலிருந்து பிறந்ததுதான், 1958-இல் மோமோஃபுகு ஆண்டோ என்பவர் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடை ராமென் அதற்கு ரொம்ப முந்தியது. சீனாக்காரர்களின் கோதுமை நூடுல்ஸ் யோகோஹாமா மாதிரித் துறைமுக ஊர்கள் வழியாக ஜப்பானுக்குள் போய், அங்கே கூலி வேலை செய்கிறவர்கள் ராத்திரி வயிறு நிறையச் சாப்பிடுகிற சாப்பாடாக மாறியது. நம் ஊரில் புரோட்டா சால்னா எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. அதனால் அங்கே போய் எப்படி உட்கார வேண்டும், எந்தக் கையில் குச்சி பிடிக்க வேண்டும் என்றெல்லாம் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. முள்கரண்டி கேட்டால் தருவார்கள்.

சரி, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

காயல்பட்டினத்திலிருந்து வந்த ஒரு தம்பி என்னோடு ஒரே வீட்டில் இருந்தான். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன், அது இப்போது நான் போகிற கடை இல்லை. "சிக்கன்தானே?" என்று பரிமாறுகிறவரிடம் கேட்டான், "ஆமாம் சிக்கன்தான்" என்றார். கிண்ணம் வந்தது, மேலே கோழித் துண்டு. நாலு வாய் சாப்பிட்டிருப்பான். சூப் பால்போல வெள்ளையாக இருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்து மறுபடி விசாரித்தேன். கோழி மேலே வைத்ததுதான், சூப் பன்றி எலும்பில் கொதித்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, நான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. பரிமாறியவர் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். நாங்கள் கேட்ட கேள்விதான் போதவில்லை. இங்கே பழைய ஆளான நான் அவனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ராமெனில் மேலே வைப்பது வேறு, அடியில் இருக்கிற சூப் வேறு. டொன்கொட்சு என்று எழுதியிருந்தால் அது பன்றி எலும்பைப் பல மணி நேரம் பெருந்தீயில் கொதிக்க விட்டு, கொழுப்பும் எலும்புச் சாரமும் கலந்து வெள்ளையாகத் திரண்ட சூப். டொரி பைட்டன் என்றால் அதே முறையில் கோழி. ஆனால் வெள்ளை நிறத்தை வைத்து முடிவு பண்ண முடியாது, இரண்டுமே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஷோயு, ஷியோ, மிசோ என்பவை சூப்புக்கு உப்பும் ருசியும் கொடுக்கிற சேர்மானத்தின் பெயர்கள் மட்டும். சோயா, உப்பு, புளித்த சோயா விழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷோயு ராமென் என்று சொல்லிவிட்டால் அதன் எலும்பு கோழியா பன்றியா என்று தெரிந்துவிடாது, கேட்டால்தான் தெரியும். அந்தச் சேர்மானத்தில் மிரின், சாக்கே என்கிற அரிசி மது சேர்ப்பதும் உண்டு, ஹலால் பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் ஹலால் சான்றிதழ் ஒட்டியிருக்கிற கடைக்கே போங்கள்.

கேட்கிற விதம்: தமிழில் கேளுங்கள், பல கடைகளில் யாராவது ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும். சிங்களத்தில் பன்றி இறைச்சிக்கு ஊரு மஸ், கோழிக்குக் குகுல் மஸ். "சூப் எகட ஊரு மஸ் தாலாத?" என்றால் சூப்புக்குப் பன்றி போட்டிருக்கிறதா என்று அர்த்தம். காரம் குறைய வேண்டுமென்றால் "மிரிஸ் அடுவென்". தமிழில் கேட்கும்போது காரம் என்று சொல்வதைவிட உறைப்பு என்று சொல்லுங்கள், இங்கே அதுதான் பேச்சு. இன்னொன்று, சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். இருபத்தைந்து வயதுப் பையன் உங்களை அய்யா என்று கூப்பிட்டால் உங்களைப் பெரிய மனிதராக்கிவிட்டான் என்று நினைக்க வேண்டாம், அண்ணே என்கிறான், நீங்கள் அவனை மல்லி என்று கூப்பிடலாம், தம்பி என்று பொருள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். மரக்கறி ராமென் என்று மெனுவில் இருந்தாலும் சூப்பில் மீன் இருக்க வாய்ப்பு உண்டு. ஜப்பானியச் சமையலில் கட்சுஓபுஷி என்று ஒன்று இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டைபோல இறுகும் வரை காய வைத்து, சீவிக் கொதிநீரில் போட்டுச் சாறு எடுப்பார்கள். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொன்னதும் விளங்கியிருக்கும், நம் மாசிதான். மாலத்தீவிலும் அதே சூரையைத்தான் அவித்துப் புகை போட்டுக் காய வைத்து மாசியாக்குகிறார்கள், முறையில் சிறு வித்தியாசங்கள் உண்டு, அவ்வளவுதான். முதல் முறை அந்தச் சூப்பை வாயில் வைத்தபோது எனக்கு எங்கள் அம்மா மாசி இடிக்கிற வாசனை வந்தது, எத்தனையோ மைல் தாண்டிய நாட்டுச் சாப்பாட்டில் அந்த வாசனை இருந்ததை என்னால் நம்பவே முடியவில்லை. நமக்கு அது சந்தோஷம், சைவக்காரர்களுக்கு அது சிக்கல். கடற்பாசியும் காய்ந்த காளானும் மட்டும் போட்ட சூப்பா என்று கேட்டு, ஆமாம் என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். சொல்பவர் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். (இங்கே தேங்காய்ச் சம்பலிலும் மாசி இடித்துப் போடுவார்கள். சைவக் கடையைத் தவிர வேறு எங்கே சம்பல் வைத்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், இதை வந்த முதல் நாளே தெரிந்துவைத்திருப்பது நல்லது.)

நூடுல்ஸில் முட்டை இருக்கிறதா என்றும் கேட்பார்கள். மஞ்சளாக இருப்பதால் முட்டைதான் என்று முடிவு செய்ய வேண்டாம், அப்பள மாவுக்கு அப்பளக்காரம் போடுவதுபோல அவர்கள் கன்சுயி என்று ஒரு கார உப்பு போடுகிறார்கள், மஞ்சள் நிறமும் அந்த இழுவையும் அதனால் வருவது. சில கடைகள் முட்டையும் சேர்க்கும் என்பதால் கேட்டுவிடுவது நல்லது.

வெள்ளவத்தையில் தங்கியிருந்தால் ரயிலில் போங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, அடுத்தது கொம்பனித்தெரு, அவ்வளவுதான் தூரம், பாதி வழி கடலை ஒட்டியே போகும். காலி வீதியில் 100, 101 பஸ்ஸிலும் கொள்ளுப்பிட்டி வரை வரலாம், சாயங்கால நெரிசலில் மட்டும் வேண்டாம். ஆட்டோ என்றால் பிக்மீ ஆப்பில் பதிவு செய்து ஏறுங்கள். பன்னிரண்டரைக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும், பதினொன்றே முக்காலுக்குப் போனால் நிதானமாக உட்காரலாம். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் மூடி வைக்கிற கடைகளும் உண்டு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் திறந்திருக்குமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கிண்ணம் வந்தவுடன் சாப்பிட ஆரம்பித்துவிட வேண்டும். ஊருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் சூப்பைக் குடித்து ஊதிவிடும், அப்புறம் அது கஞ்சிதான். முதலில் சூப் ரெண்டு கரண்டி, பிறகு நூடுல்ஸ், சத்தம் வந்தால் வரட்டும், உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். உப்பு கூடுதலான சாப்பாடு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பை மிச்சம் வைத்துவிடுங்கள். பார்சல் மட்டும் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் சூப்பையும் நூடுல்ஸையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

காயல் தம்பி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருஷம் ராமென் பக்கமே வரவில்லை. இப்போது நாங்கள் போகிற கடையில் அடுப்பு பக்கத்திலேயே இருப்பதால், முதல் நாள் சமைக்கிற பையன் சட்டி மூடியைத் திறந்து உள்ளே கிடந்த கோழி எலும்பையும் கால்களையும் அவனுக்குக் காட்டினான். பன்றி அந்தக் கடைக்குள்ளேயே வருவதில்லை, மதுவும் சேர்ப்பதில்லை என்றான். தம்பி சட்டியை நன்றாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.